ஹாட் பாக்ஸும் டீக்கடை போண்டாவும்

கேள்வி: எனக்கு வயது 46. தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன ஐப்பசியில் அம்மா தவறிவிட்டார். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த அப்பாவை (வயது 74) என்னோடு அழைத்து வந்துவிட்டேன். அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. காலை 5 மணிக்கு எழுந்து அவருக்கென்று தனியாக, உப்புக் குறைத்து, எண்ணெய் குறைத்துச் சமைத்து ஹாட் பாக்ஸில் வைத்துவிட்டு, எட்டரைக்குக் கிளம்புகிறேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாதி அப்படியே இருக்கிறது. கேட்டால், “போதும்மா, பசிக்கலை” என்கிறார். ஆனால் நாலு மணிக்குத் தெருமுனை டீக்கடையில் அவர் போண்டா சாப்பிட்டதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார். அன்று ராத்திரி அழுதுவிட்டேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் அம்மாவின் கைப்பக்குவம் எனக்கு வரவில்லையா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் பதினோரு பதார்த்தங்களின் பெயர் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஓட்ஸ் கஞ்சி, கொள்ளு ரசம், பாகற்காய், சப்பாத்தி என்று எல்லாம் இருக்கிறது. அப்பா யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதை மட்டும் காணோம்.

மத்தியானம் ஒரு மணிக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அவர் மூடியைத் திறப்பார். எட்டு மணிக்குப் போட்ட சப்பாத்தி உள்ளேயே வேர்த்து, மேலே ஈரமும் ஓரத்தில் விறைப்புமாக இருக்கும். பல்செட் போட்டவராக இருந்தால் அதைக் கடிப்பதே ஒரு வேலை. நாற்பது ஐம்பது வருஷம் ஒருத்தர் பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் ரசம் விடவா?” என்று கேட்டுக்கேட்டுச் சாப்பிட்டவர் அவர். இப்போது தானே எடுத்துப் போட்டு, தானே சாப்பிட்டு, தட்டையும் தானே கழுவி வைக்கிறார்.

டீக்கடையில் போண்டா சூடாக இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது, உப்பு உறைப்பு இருக்கிறது. அதைவிட முக்கியம், அங்கே நாலு பேர் இருக்கிறார்கள். மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி, ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா, குறுவைக்கு நாற்றங்கால் போடலாமா என்று பேச ஆள் இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்கு வந்த மனுஷருக்கு அந்தப் பேச்சும் சாப்பாடுதான். அங்கே போவதை நிறுத்திவிடாதீர்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். என் மாமியாருக்குப் பிரஷர் ஏறியபோது, டாக்டர் “உப்பைக் குறையுங்கள்” என்று சொன்னதை நான் “உப்பே கிடையாது” என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாசம் சாம்பாரிலிருந்து பொரியல் வரை எதிலும் உப்பில்லை. எனக்கோ பெரிய தியாகம் செய்கிற நினைப்பு. ஒரு நாள் தலையணை உறை மாற்றும்போது உள்ளேயிருந்து ஒரு சின்ன பாலிதீன் பை விழுந்தது. அதில் சுருள் சுருளாக நறுக்கிய உப்பு நார்த்தங்காய், மூன்று துண்டு. ஒன்றில் பல் பட்ட தடம் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரோ திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, “நாக்கு செத்துப் போச்சும்மா” என்றார். அதுவரைக்கும் அவரிடம் “என்ன வேணும்?” என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கவில்லை. நார்த்தங்காயில் இருந்த உப்பு, நான் சாம்பாரில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் என்பது தனி வேடிக்கை.

ஆகவே முதலில் உப்பு. பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கீழே. அதை எல்லாவற்றிலும் தூவி எதிலும் ருசியில்லாமல் செய்வதைவிட, சோற்றில் போடாதீர்கள், பொரியலில் பேருக்குப் போடுங்கள், ஒரே ஒரு குழம்பை மட்டும் உப்பு எடுப்பாகத் தெரிகிற மாதிரி வையுங்கள். நாக்குக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். வத்தலும் அப்பளமும் உப்பில் ஊறியவை. வத்தக்குழம்புக்கு ஆசைப்பட்டால் பச்சைச் சுண்டைக்காயைத் தட்டிப்போட்டு, புளியும் பூண்டும் தூக்கலாக வையுங்கள். எலுமிச்சை, மிளகு, பெருங்காயம், கடைசியில் கொஞ்சம் நெய்யில் கறிவேப்பிலைத் தாளிப்பு இதெல்லாம் உப்பு குறைந்ததை மறைக்கும். கடையில் ‘சோடியம் குறைவு’ என்று விற்கிற உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிலவகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து.

அப்புறம் டாக்டர் விஷயம். வயது ஏற ஏற நாக்கின் ருசியும் மூக்கின் வாசனையும் மங்கும். மெட்ஃபார்மின் மாதிரி சர்க்கரை மாத்திரையில் சிலருக்கு வாயில் இரும்புச் சுவை தட்டும். துக்கத்திலும் பசி போகும். எது காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் 60 கிலோ ஆள் 3 கிலோ இளைத்திருந்தாலே காட்ட வேண்டும். சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கிறதா பாருங்கள். இன்னொன்று, சிலவகை சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கி வேர்த்துக் கொட்டும். மத்தியானச் சாப்பாட்டில் பாதி மிஞ்சுவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

காலை ஓட்ஸை அவர் கேட்டாரா? வயல்காட்டு மனுஷர் காலையில் என்ன சாப்பிட்டு வளர்ந்தார் என்று உங்களுக்கே தெரியும். ஒரு கைப்பிடி பழையது, நிறைய மோர், நாலு சின்ன வெங்காயம், ஒரு துவையல். சர்க்கரைக்காரருக்குச் சோறா என்று பதறாதீர்கள். அளவுதான் விஷயம். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் பார்த்து எழுதி வையுங்கள், நாலு நாள் கணக்கை டாக்டரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். மீன் சாப்பிடுகிற வீடு என்றால் வாரத்தில் ஒரு நாள் விரால் குழம்பு வையுங்கள். முள் குறைவு, சதையும் மென்மை, பல்செட்டுக்குக் கஷ்டமில்லை.

ஆனால் மெனுவை மாற்றினால் மட்டும் போதாது. அவருக்கு உங்கள் சமையலறையில் ஒரு வேலை கொடுங்கள். உழவர் சந்தைக்கு அவரை அனுப்புங்கள். எந்தக் கத்தரிக்காய் முற்றல், எது பிஞ்சு என்று காம்பைத் தொட்டே சொல்கிற ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் போனில் காய்கறி வாங்குகிறீர்கள்? ராத்திரி ஒரு முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டு அவர் முன்னால் வையுங்கள். ஆய்ந்துகொண்டே பேசுவார். அப்போது கேளுங்கள், “அப்பா, ரசத்துக்கு அம்மா என்னப்பா போடுவாங்க?” சமைக்கத் தெரியாதவர்தான், ஆனால் அந்த ரசத்தை அவர் அளவுக்குச் சாப்பிட்டவர் யார்? “உங்கம்மா இந்தக் காம்பைத் தூக்கிப் போட மாட்டா, ரசத்துல போட்டுடுவா” என்று ஏதாவது வரும். வராமல் கண் கலங்கினாலும் பரவாயில்லை. அம்மாவைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேசிக் கொஞ்ச நாளாகியிருக்கும். உங்களுக்கும்தான்.

கைப்பக்குவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வராது. அம்மாவின் கை அம்மாவோடு போயிற்று. அவர் மாதிரி செய்ய முயலும்போதெல்லாம் அப்பா ஒவ்வொரு வாயிலும் வித்தியாசத்தைத்தான் ருசிப்பார். உங்கள் கைக்கென்று ஒரு ரசம் இருக்கட்டும். நாளடைவில் அதையும் தேடுவார்.

மத்தியானம் உங்களால் வர முடியாது, புரிகிறது. அதனால் பெரிய சாப்பாட்டை ராத்திரிக்கு மாற்றுங்கள். ஏழரைக்கே எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. ஒரே சமையல்தான். அவருக்கென்று தனிச் சட்டி வேண்டாம். அந்த அளவு உப்பு உங்களுக்கும் நல்லதுதான். ஆமாம், உங்கள் கணவர் என்ன செய்கிறார்? மூன்று பக்கக் கடிதத்தில் அவர் தலை தெரியவே இல்லை. காலையில் வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள், 5 மணி ஐந்தரை ஆகும்.

ஆடிப் பதினெட்டு வரும்போது எலுமிச்சைச் சாதம், புளிச்சோறு, தயிர்ச் சோறு கட்டிக்கொண்டு அப்பாவைத் திருவையாற்றுப் படித்துறைக்குக் கூட்டிப் போங்கள். அம்மா இல்லாத முதல் ஆடிப்பெருக்கு, அவர் வரமாட்டேன் என்பார். கூப்பிடுங்கள்.

போண்டா விஷயத்தை அவரிடம் கேட்கவே கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் போனால் போகட்டும். அந்த ஒரு நாள் எது என்று தெரிந்துகொண்டு, உங்களுக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள்.