தறிச் சத்தம் கேட்கும் மொழி

சென்ற வாரம் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு குடும்பம், மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் 2 படிக்கும் மகள். எட்டு விசைத்தறி ஓடுகிற வீடு. அப்பா மடியில் வைத்திருந்த மஞ்சள் பைக்குள் நான்கு பொறியியல் கல்லூரிகளின் வழவழப்பான விளம்பரப் புத்தகங்கள்.

“கோவையில் ஒரு கல்லூரியில் இவளுடைய பெரிய மாமன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார் சார். மேனேஜ்மென்ட் கோட்டா. நான்கு வருஷத்துக்கும் சேர்த்து 14 லட்சம். இந்த மாதமே முன்பணம் கட்டினால் சீட் உறுதியாம். பாப்பா என்னவென்றால் ராத்திரியெல்லாம் ஜப்பான்காரன் கதை படித்துக்கொண்டிருக்கிறாள்.”

‘கதை’ என்ற சொல்லைத் திருட்டு என்பதுபோல் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல “கவலைப்படாதீர்கள்” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அரையாண்டுத் தேர்வில் கணக்குக்கு 61, அந்த 14 லட்சத்துக்காக இரண்டு தறியை விற்கப்போகிறார்கள் என்ற இரண்டு செய்தியும் தெரிந்த பிறகு அதை நிறுத்திவிட்டேன். நேரில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன், இதே மஞ்சள் பையோடு வேறு வீடுகளும் கிளம்பிக்கொண்டிருக்கும்.

ஐயா, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளையை விலை கொடுத்து அதன் நடுவில் உட்கார வைக்காதீர்கள் என்கிறேன். சோறு போடுகிற தறியை விற்று வாங்கிய சீட், மூன்றாம் செமஸ்டரில் அரியராக வந்து நிற்கும். அந்த அரியரை மாமன் எழுதித் தரமாட்டார். பி.காம்., நர்சிங், அரசுத் தேர்வு பற்றியெல்லாம் சொல்வதற்கு உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். அதற்கு நான் வேண்டாம். பாப்பா கதை வழியாகக் கற்றுக்கொண்டிருக்கும் ஜப்பானிய மொழியைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். என்னதான் படிக்கிறாய், ஒரு பக்கம் வாசித்துக் காட்டு என்று பாப்பாவிடம் கேட்டேன். கைப்பேசியை எடுத்தாள். நன்றிக்கடன் தீர்த்த நாரையின் கதை. கண்ணியில் சிக்கிய நாரையை ஒரு கிழவர் விடுவிக்கிறார். அன்றிரவு பனியில் ஒரு பெண் வந்து கதவைத் தட்டுகிறாள். நான் நெய்யும்போது எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இதெல்லாம் உங்களுக்கு அப்போது தெரியாது. பாப்பா ஜப்பானிய மொழியில்தான் திக்கித் திக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். “தொங்கராரி, தொங்கராரி” என்ற இடம் வந்ததும் நீங்கள் நிமிர்ந்தீர்கள். “இது கைத்தறிச் சத்தம். எங்கள் அப்பா குழித்தறியில் நெய்யும்போது இப்படித்தான் கேட்கும்” என்றீர்கள். கதையில் தறி வருகிறது என்று அதுவரை யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

அந்தத் தறியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து வாருங்கள். தறிக்கு ஜப்பானியத்தில் ‘ஹதா’. அதை எழுத ஒரு காஞ்சி, அதாவது சீனத்திலிருந்து வந்த ஒரு சொல்லெழுத்து, இருக்கிறது. அதே எழுத்து வேறு சொல்லுக்குள் போனால் ‘கி’ என்று ஒலிக்கும். இயந்திரம் என்று பொருள்படும் ‘கிகாய்’ அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. விமானத்தைக் குறிக்கும் ‘ஹிகோகி’ அந்த எழுத்தில்தான் முடிகிறது. நெய்தலுக்கான எழுத்தை அதற்கு முன்னால் போட்டால் ‘ஷொக்கி’, அதாவது நெசவு இயந்திரம். 1926இல் சாகிச்சி தொயோதா தொடங்கிய தானியங்கித் தறி நிறுவனத்தின் ஜப்பானியப் பெயரில் இந்த இரண்டு எழுத்துகளும் இன்றுவரை இருக்கின்றன. டொயோட்டா கார் அந்தத் தறி நிறுவனத்தில் பிறந்ததுதான். 1937இல் தனி நிறுவனமானது. நாரைக் கதையில் இந்த எழுத்துகளைச் சந்தித்த பிள்ளை, நாளை ஓர் இயந்திரக் கையேட்டைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்த முகத்தைப் பார்ப்பாள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்திருக்கும் காஞ்சிகள் 2136. அவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தொடங்கி, முந்நூறைத் தாண்டுவதற்குள் புத்தகத்தை மூடிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இலக்கணமும் அப்படித்தான். பீச் பழத்திலிருந்து பிறந்த மொமோதாரோவின் கதை இப்படித் தொடங்கும்: “முகாஷி முகாஷி, அரு தொகொரோ நி, ஒஜீசான் தோ ஒபாசான் கா இமாஷிதா.” முன்னொரு காலத்தில், ஓர் இடத்தில், தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். சொல்லுக்குச் சொல் நம் வரிசை, வினை கடைசியில். தாத்தாவும் பாட்டியும் முதன்முதலாக வரும்போது ‘கா’ என்ற உருபு. அடுத்த வாக்கியத்தில், “ஒஜீசான் வா” என்று அதே தாத்தா மலைக்குப் போகும்போது ‘வா’. புதிதாக வருபவருக்கு ஒன்று, ஏற்கெனவே தெரிந்தவருக்கு இன்னொன்று. வகுப்பில் மாதக்கணக்கில் குழம்புகிற இந்த வேறுபாடு, கதையின் முதல் இரண்டு வரிக்குள் பிடிபட்டுவிடுகிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘மிரு’ என்பதற்குப் பார் என்றே பொருள். வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியர் ‘இத்தெகிமாஸ்’ என்பார். போய் வருகிறேன் என்று நாம் சொல்வதேதான். ஆங்கில வழியாக ஜப்பானியம் படிப்பவர் தலைகீழாக நின்று கற்பதை உங்கள் மகள் காலை ஊன்றிக் கற்கலாம். உடனே இரண்டு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று உறவினர் குழுவில் செய்தி அனுப்பிவிடாதீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஒற்றுமை படிக்க உதவுகிறது, நமக்கு அது போதும்.

பாப்பாவுக்கு ஒரு வார்த்தை. காஞ்சியே இல்லாமல் முழுக்க ஹிராகனா என்ற ஒலியெழுத்தில் அச்சிட்ட குழந்தைப் புத்தகம் எளிது என்று எண்ணாதே. மொமோதாரோவின் தாத்தா மலைக்குப் போவது ‘ஷிபாகாரி’க்கு, அதாவது சுள்ளி வெட்ட. புல்வெளி வெட்டுவதற்கும் அதே ஒலி. ஜப்பானியக் குழந்தைகளே தாத்தா புல் வெட்டப் போனார் என்று நினைப்பதுண்டு. காஞ்சியைப் பார்த்தால் அந்தக் குழப்பம் வராது. ஆகவே காஞ்சியும், அதன் மேல் சிறிய எழுத்தில் உச்சரிப்பும் உள்ள பதிப்பாகப் பார்த்து எடு. ‘ததொகு’ என்று ஒரு வாசிப்பு முறை இருக்கிறது: மிக எளிய கதையில் தொடங்கு, அகராதியைத் தொடாதே, புரியாத இடத்தைத் தாண்டிப் போ, ஓடவில்லை என்றால் அந்தக் கதையை வைத்துவிட்டு வேறு எடு. இந்த முறைக்கென்று நிலை பிரித்து எழுதிய கதைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை முடித்த பிறகு, காப்புரிமை தீர்ந்த நூல்களைத் திரட்டி வைத்திருக்கும் அவோசோரா புன்கோ என்ற இணைய நூலகத்துக்குப் போகலாம். அங்கே நடை கடினம். அவசரப்படாதே.

நாட்டுப்புறக் கதை மட்டும் வேலை வாங்கித் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். கதைக்குள் ‘போருதோ’வும் (போல்ட்) ‘எஞ்ஜின்’னும் வராது, தொழிற்சாலைக் காகிதத்தில் கதாகனா என்ற இன்னொரு ஒலியெழுத்தில் எழுதிய இத்தகைய பிறமொழிச் சொற்கள் வரிக்கு ஒன்று வரும். மேலதிகாரியிடம் பேசும் ‘கெய்கோ’ மரியாதை நடையைக் கிழவரும் நாரையும் கற்றுத் தரமாட்டார்கள். அதற்கு வகுப்பு வேண்டும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு வகுப்புகளும், ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வும் நடத்துகிறது. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் அந்தத் தேர்வில் ஐந்து நிலைகள். என்-5 அடிப்படை, என்-1 உச்சம். மொழிபெயர்ப்பு வேலை என்று துணிந்து கேட்பதற்கு என்-2 வேண்டும். அதில் மொத்தம் 180க்கு 90 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் வாசிப்பு என்ற ஒரு பகுதியில் 60க்கு 19 வராவிட்டால்கூட, மற்ற பகுதிகளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் தோல்விதான். பேச்சுத் தேர்வு கிடையவே கிடையாது. அனிமே பார்த்துப் பேசக் கற்றவர்கள் விழுகிற இடமும் இந்த வாசிப்புதான்.

“மொழிபெயர்ப்பைத்தான் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதே” என்று மாமன் கேட்டாராம். நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்கமாட்டேன். அரைகுறையாகத் தெரிந்தவருக்கு இனி வேலை குறையும். ஆனால் ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் அடிக்கடி மறைந்திருக்கும். வால்வை மூட வேண்டியவர் யார் என்று இயந்திரம் ஊகித்து எழுதியதைச் சரிபார்க்க, மூலத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரகடத்திலும் ஸ்ரீசிட்டியிலும் இருக்கும் ஜப்பானிய ஆலைகளுக்கு வருகிற காகிதங்கள் குறைந்துவிடவில்லை. அது போகட்டும், இதே கம்ப்யூட்டர் நிரலும் எழுதுகிறதே. மாமனிடம் அதையும் கேளுங்கள்.

இனி செலவு. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழிக்கு பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தருகிறார்கள். அங்கே ஓராண்டுக் கல்விக் கட்டணம், நீங்கள் பேசி வைத்திருக்கும் கல்லூரியின் ஒரு மாதப் பஸ் கட்டணத்தைக்கூடத் தொடாது. சாந்திநிகேதன் விஸ்வபாரதியிலும் ஜப்பானியப் பட்டப்படிப்பு உண்டு. இப்படி ஜப்பானியத்தையே பாடமாக எடுத்துப் படிப்பவர்களை ஓராண்டு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைக்க அந்நாட்டு அரசே மெக்ஸ்ட் என்ற தன் கல்வி அமைச்சகத்தின் பெயரில் உதவித்தொகை தருகிறது. விமான டிக்கெட்டும் அவர்களுடையது. பெண்ணைத் தில்லிக்கு எப்படி அனுப்புவது என்று அம்மா கேட்டார். மனம் ஒப்பவில்லை என்றால் ஈரோட்டிலேயே குறைந்த கட்டணத்தில் ஒரு பட்டம் படிக்கட்டும், மாலையில் ஜப்பானியம் தொடரட்டும். கொஞ்சம் தாமதமாகும், கெட்டுப்போகாது.

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். ஜப்பானில் மொழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறோம், பகுதிநேர வேலை செய்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று சொல்லி ஏஜென்ட் யாராவது வீடு தேடி வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மாணவர் விசாவில் போனவர் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதில் வாடகை, சோறு, கட்டணம் மூன்றையும் சமாளிக்கப் போய்ப் படிப்பைக் கோட்டைவிட்ட ஒரு பையனின் அப்பா, நீங்கள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். கடனும் வேண்டாம், தறி விற்பனையும் வேண்டாம்.

பாப்பாவின் விருப்பத்தையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. இரண்டு வருடமாகத் தானாகவே இருநூறு காஞ்சி கற்றிருக்கிறாள், சரி. பொதுத் தேர்வு முடிந்ததும் அவளுக்குப் பத்துக் கதை. ‘தொப்பி ஜிஸோ’விலிருந்து தொடங்கட்டும்: ஆண்டின் கடைசி நாள், விற்காத தொப்பிகளோடு பனியில் திரும்பும் கிழவர், வழியில் ஆறு கற்சிலைகள், கையில் ஐந்தே தொப்பி. ஆறாவது சிலைக்கு அவர் என்ன செய்தார் என்பதை ராத்திரி தறி நிறுத்திய பிறகு உங்களிடம் தமிழில் சொல்லட்டும். பத்தையும் முடித்தால் ஜூலையில் என்-4 எழுதலாம். மூன்றாவது கதையில் சலித்துப் போட்டுவிட்டால் அதையும் மறைக்காமல் வந்து சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம். இதற்கிடையில் கியூட் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். முன்பணத்துக்கு என்ன சொல்வது என்று மாமன் கேட்டால் என் எண்ணைக் கொடுங்கள்.