குடியை விட ஒரு கூட்டம் – கடிதம்

வணக்கம் ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. என் தம்பிக்கு 34 வயது, கல்யாணச் சமையலுக்குப் போகிறான். ஆறேழு வருஷமாகத் தினமும் குடி. இப்போது காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, கொஞ்சம் உள்ளே போனால்தான் நிற்கிறது. "விட்டுடணும்க்கா" என்று அவனே சொல்கிறான். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் உண்டாமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறான். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பவுடர் விற்கிறார்கள், வாங்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர். காலையில் கை நடுங்கி, குடித்தால் நிற்கிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. இந்த நிலையில் சாமி மேல் சத்தியம் பண்ணி ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும், இல்லாததைப் பார்த்துப் பேசுவதும் வரும். இதில் உயிர் போவதும் உண்டு. அப்படி ஏதாவது கண்டால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போய், எவ்வளவு குடிக்கிறான், கடைசியாக எப்போது குடித்தான், முன்பு வலிப்பு வந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம் போல மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள், கூடவே தயமின் என்ற வைட்டமினும். அந்த வைட்டமின் குறைந்தால் மூளை பாதிக்கும், அதனால் அதை விட்டுவிடக் கூடாது.

பவுடரைத் தொடவே தொடாதீர்கள். இப்படி ரகசியமாக விற்பதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்பிரம் என்ற மருந்து அதில் கலந்திருந்தால், அது தெரியாமல் அவன் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். டாக்டர்கள் அந்த மருந்தைக் கொடுப்பதே நோயாளிக்கு எல்லாம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான். விடவேண்டும் என்று அவனே சொல்லும் நேரம் இது. சோற்றில் கலந்தது தெரிந்தால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

இனி கூட்டம். நீங்கள் கேள்விப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. கட்டணம் கிடையாது, செலவுக்கு விரும்பியவர்கள் போடுவதுதான். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கும். உங்களுக்கு மதுரையையும் திருச்சியையும் பாருங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும், மருத்துவமனைக் கவுன்சிலரிடமும் கேட்கலாம். ஆனால் பட்டியலை நம்பி நேரே பஸ் ஏறாதீர்கள். இடமும் நேரமும் மாறியிருக்கும், வாசலில் பெரும்பாலும் போர்டும் இருக்காது. முதலில் போன் போட்டு, தமிழில் நடக்கிறதா, எந்தக் கட்டடம், எந்த வாசல், அன்றைக்கு அங்கே இருப்பவரின் எண் என்ன என்று கேளுங்கள். குடும்பத்தாரும் வரலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டும். போனில் தம்பியிடமே பேசக் கேட்பார்கள், கொடுங்கள். குடித்து மீண்டவர் பேசும் பேச்சு அவனுக்குள் இறங்குவதுபோல் நம் புத்திமதி இறங்காது.

சில இடங்களில் சர்ச் வளாகத்தில் நடக்கும். மதம் மாற்றுகிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்பட வேண்டாம், அது இடம் மட்டும்தான். கடவுளைப் பற்றிய பேச்சு வரும், எந்தக் கடவுள் என்பது அவரவர் விருப்பம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி ஒவ்வொருவராகப் பேசுவார்கள், இடையில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். முதல் நாள் அவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் போதும். ஊர்ப்பெயர், வீட்டுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். தெரிந்த முகம் எதிர்ப்பட்டாலும், அவரும் அதே காரணத்துக்காகத்தானே வந்திருப்பார்? திரும்பி வந்ததும் "என்ன பேசினாங்க" என்று மட்டும் துருவாதீர்கள்.

முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். காரைக்குடி வந்து அங்கிருந்து மதுரைக்கு பஸ் பிடிப்பவனுக்கு அது முடியாத காரியம். வாரம் ஒரு முறை நேரில், மற்ற நாட்களில் ஜூமில் நடக்கும் தமிழ்க் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கூட்டம் ஒட்டவில்லையென்றால் இன்னொன்றுக்குப் போகட்டும், குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறு.

எனக்கு அதிகக் கவலை அவனுடைய தொழில்தான். ராத்திரி முழுக்கக் கோட்டை அடுப்பு முன்னால் நின்று, விடியக்காலையில் பலகாரம் இறக்கி, பந்தி முடிந்ததும் அலுப்புக்கு என்று செட்டோடு உட்கார்ந்து குடிப்பது பல இடங்களில் பழக்கம். அந்த நேரத்தில் வைராக்கியம் நிற்காது. முதல் மூன்று மாதம் ராத்திரி வேலையை விட்டு, மெஸ், பலகாரக் கடை என்று பகல் வேலை பார்க்கட்டும். கூலி குறையும், பரவாயில்லை. முகூர்த்தத்துக்குப் போயே ஆகவேண்டுமென்றால், கூட்டத்தில் பழகிய மூத்தவர் ஒருவரின் எண் கையில் இருக்கட்டும். பந்தி முடிந்ததும் முதல் வேலை அவருக்குப் போன், சம்பளம் நேரே உங்கள் கணக்குக்கு.

உங்களுக்கும் கூட்டம் உண்டு, அல்-அனான் என்று பெயர். குடிப்பவரின் குடும்பத்தாருக்கானது. அவனுக்கு விசாரிக்கும்போதே அதையும் கேட்டு வையுங்கள். அவன் வர மறுக்கும் வாரத்திலும் நீங்கள் போகலாம்.