கொட்டில் வாழ்க்கை: கேட்டவர்களுக்குப் பதில்

மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் வட்டைக் (வயல்வெளி) கரையில், கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாத கொட்டிலில்தான் நானும் மனைவியும் பல வருடமாக இருக்கிறோம். வெள்ளாமை இல்லாத மாதங்களில் கூலிக்குக் கொட்டில் கட்டிக்கொடுப்பதும் உண்டு. அதனால் "கேட்க விரும்புகிறவர்கள் கேளுங்கள்" என்று சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். விலைகளை எழுதவில்லை. இன்றைக்கு எழுதினால் நாளைக்குப் பொய்யாகிவிடும்.

கிரானிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, வாடகை கட்ட ஏலாமல் அப்பாவின் வளவுக்குப் போகப்போகிறோம். நான், மனைவி, ஒரு பிள்ளை. வெறும் நிலம்தான் கிடக்கிறது. கையில் கொஞ்சக் காசுதான். தகரமா, சோலரா, சுவரா, எதில் முதலில் போடலாம்?

மூன்றிலும் வேண்டாம் தம்பி. முதலில் மண்ணில் போடுங்கள். ஒரு லோட் கிரவல் (சரளை மண்), முடிந்தால் இரண்டு. கொட்டிலில் வரும் கஷ்டத்தில் பாதிக்கு மேல் கீழேயிருந்துதான் வருகிறது: வெள்ளம், ஈரம், பாம்பு, கறையான், பிள்ளையின் இருமல். நிலத்தை உயர்த்தாமல் மேலே எவ்வளவு வடிவாகக் கட்டினாலும் மார்கழியில் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓட வேண்டும்.

எவ்வளவு உயர்த்துவது என்பதை மேசனிடம் கேட்காதீர்கள், ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். 2011 தை மாத வெள்ளம் உங்கள் வளவில் எதுவரை நின்றது என்று அவர்கள் கையை வைத்துக் காட்டுவார்கள். அதற்கு மேலே ஒரு சாண். அந்த உயரத்துக்குக் கிரவல் போடக் கட்டாது என்றால், படுக்கிற தட்டையாவது அந்த உயரத்தில் அடியுங்கள். கிரவலை ஒரேயடியாகக் கொட்டி மிதித்துவிட்டுப் போனால் முதல் மழைக்கே இறங்கும். அரை அடி போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, மறுகா அடுத்த அரை அடி. மேலே புற்றுமண்ணும் சாணமும் குழைத்து மெழுகினால் சீமெந்து தேவையில்லை. கூரைத் தண்ணீர் விழுகிற இடம் திண்ணைக்கு வெளியே ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் போட்ட கிரவலைக் கூரையே கரைத்துவிடும்.

கப்பு (கம்பம்) நடுமுன் நிலத்துக்குள் போகிற பகுதியை நெருப்பில் வாட்டிக் கருக்குங்கள், கறையானுக்குக் கொஞ்சம் தாமதமாகும். கப்புக்கென்று காட்டுக்குள் போய் முதிரையோ பாலையோ வெட்டி மாட்டிக்கொள்ளாதீர்கள். வன இலாகா பிடித்தால் மிச்சம் பிடித்த காசெல்லாம் தண்டமாகப் போய்விடும்.

அடுத்தது கூரை. சுவர் கடைசி. ஒரு வருடம் கிடுகு (பின்னிய தென்னோலை) மறைப்போடு இருந்துவிட்டு, காசு சேரச் சேர மண்சுவர் வையுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: கூரைக்குக் கிடுகா, தகரமா, படங்கா (தார்ப்பாய்)?

இதற்கு ஊருக்கு ஊர் சண்டை. என் கணக்கைச் சொல்கிறேன்.

படங்கு மலிவு என்று நினைக்கிறோம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் வெடித்துத் தும்பாகிவிடும். வருடா வருடம் படங்கு வாங்குகிறவன் சில வருடத்தில் தகரக் காசைக் கொடுத்து முடித்திருப்பான், கூரை மட்டும் இருக்காது. படங்கு வெயிலைப் பார்க்கக் கூடாது. கிடுகுக்குக் கீழே விரித்தால் அது நீண்ட நாள் கிடக்கும், கிடுகு இற்றுப்போன இடத்திலும் ஒழுகாது.

தகரம் நிலைக்கும். ஆனால் ஆடி மாதம் மத்தியானம் தகரத்துக்குக் கீழே கைப்பிள்ளையை வைத்திருக்க ஒண்ணா. தகரம் போட்டவர்கள் அதற்கு மேலே கம்பு குறுக்கே கிடத்தி, கம்பின் மேல் கிடுகு போடுங்கள். இடையில் காற்று ஓட வேண்டும். நேரே தகரத்தில் கிடுகு ஒட்டிக்கிடந்தால் மழையில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

என் ஓட்டு கிடுகுக்குத்தான், ஆனால் கிடுகைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். ஓலையை வாவியிலோ குளத்திலோ நன்றாக ஊறப்போட்டுப் பின்னியதா, அவசரத்துக்குப் பச்சையாகப் பின்னியதா என்று பாருங்கள். ஊறிய கிடுகில் சேற்று மணம் இருக்கும். நடுவில் ஒரு இலக்கை (ஓலைக் கீற்றை) பிடித்து மடித்தால் தோல் மாதிரி வளையும், ஒடியாது. ஊறாததை மடித்தால் சட்டென்று முறியும், உதறினால் மாவு மாதிரித் தூள் கொட்டும். அந்தத் தூள் பூச்சி தின்றது. அதை ஏற்றினால் அடுத்த மாரிக்குள் வானம் தெரியும். கூரைச் சாய்வும் முக்கியம். ஒரு அடி கிடையாகப் போனால் ஒரு அடி ஏற வேண்டும். சாய்வு குறைந்த கிடுகுக் கூரை தண்ணீரைக் குடிக்கும்.

காற்றுக்கு நாலு பக்கமும் சாய்ந்த கூரைதான் நல்லது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட கிழவர்களிடம் கேட்டால் பறந்து வந்த தகரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். பழைய மீன் வலையைக் கூரைக்கு மேலே விரித்து நாலு மூலையிலும் கல்லுக் கட்டித் தொங்கவிடுங்கள். கரைப்பக்கத்துப் பழக்கம் இது, செலவில்லை.

நாவிதன்வெளியிலிருந்து ஒரு அம்மா: இரண்டு சின்னப் பிள்ளைகள். நிலத்தில் பாய் போட்டுத்தான் படுக்கிறோம். பாம்புப் பயம். கொட்டிலைச் சுற்றி உள்ளி (பூண்டு) இடித்துப் போட்டால் வராதாமே?

அக்கா, உள்ளியைக் கறிக்கு வையுங்கள். அது பாம்பைத் தடுக்காது.

நீங்கள் பயப்பட வேண்டியது கருப்பில் மெல்லிய வெள்ளை வளையம் போட்ட விரியனுக்கு. எண்ணெய் விரியன் என்போம், கட்டுவிரியன் என்பதும் அதுதான். பகலில் சுருண்டு கிடக்கும். இரவில்தான் இரை தேடி வரும், மண் கொட்டிலுக்குள்ளும் நுழையும். நிலத்தில் படுத்திருப்பவர் புரளும்போது கடிக்கும். பெரிதாக வலிக்காது, வீங்காது, பல் பட்ட அடையாளம்கூடச் சரியாகத் தெரியாது. அதனால்தான் ஆள் தப்புவது கஷ்டம். நடுச்சாமத்தில் பிள்ளை வயிறு வலிக்கிறது, கண் இமையைத் தூக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை என்று சொன்னால் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1990க்கு அடியுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ், காசு கேட்க மாட்டார்கள். கட்டுப்போடுவது, கீறுவது, கல்லு வைப்பது ஒன்றும் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது.

வராமல் தடுக்க இரண்டு வேலை. படுக்கையை நிலத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். கமுகுச் சிலாகையோ மூங்கிலோ போதும். மறுகா நுளம்பு (கொசு) வலை. வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே சுற்றிவரச் சொருகுங்கள். தொங்கவிட்ட வலை நுளம்புக்கும் வழி, பாம்புக்கும் வழி. சொருகிய வலை இரண்டையும் நிறுத்தும். இந்தக் காசில் இதைவிடப் பெறுமதியான பொருள் கொட்டிலில் வேறு இல்லை என்பது என் எண்ணம். விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரோடு குவிக்காதீர்கள்.

வாகரையிலிருந்து: கிணறு இருக்கிறது, ஆனால் கோடையில் உப்புக் கரிக்கிறது. மாரியில் கலங்கல். குடிக்க என்ன வழி?

உப்புக்கும் கலங்கலுக்கும் வைத்தியம் வேறு வேறு. கரைப்பக்க மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கிணற்றை ஆழமாக்கினாலோ மோட்டார் வைத்து இழுத்தாலோ கீழேயுள்ள உப்பு மேலே ஏறும். ஆழம் வேண்டாம், அகலமாக வெட்டுங்கள், வாளியால் மெல்ல அள்ளுங்கள். காலையில் முதல் வாளி குடிக்க, மத்தியானத்து வாளி கழுவ. கொதிக்க வைத்தால் உப்பு போகாது, இன்னும் கூடத்தான் செய்யும்.

கலங்கலுக்குத் தேற்றாங்கொட்டை. பானையின் உள்பக்கத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி இரவு வையுங்கள். விடியும்போது மண் கீழே, தெளிவு மேலே. தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று எண்ணிவிடாதீர்கள். அதைத் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். விறகு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால், லேபல் கழற்றிய நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பிக் கூரையில் நல்ல வெயிலில் 6 மணிநேரம் கிடத்துங்கள். பெரிய போத்தல் வேண்டாம், 2 லீற்றருக்குள் இருக்கட்டும். முகில் மூடிய நாளென்றால் இரண்டு நாள். கார்த்திகை, மார்கழியில் இதை நம்ப வேண்டாம், கொதிக்க வையுங்கள். வெள்ளம் ஏறி வற்றிய கிணற்றுக்கு பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லிக் குளோரின் போடுவியுங்கள்.

மழைத் தண்ணீரை மறக்காதீர்கள். 12 அடிக்கு 10 அடித் தகரத்தில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் சிந்தியது போக 90 லீற்றர் அளவு பிடிக்கலாம். முதல் மழையை விட்டுவிடுங்கள், அது கூரையைக் கழுவட்டும். கிடுகுக் கூரைத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும், குளிக்க மட்டும்தான். பெரலின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டாவிட்டால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

திருக்கோவிலிலிருந்து: மணல் நிலத்தில் குழிக் கக்கூஸ் வெட்டலாமா?

வெட்டலாம், கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி. பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும், பலர் தன் கிணற்றை மட்டும் அளக்கிறார்கள். மணலில் அழுக்கு வேகமாகப் பரவும், அதனால் குழியின் அடி நிலத்தடித் தண்ணீரைத் தொடவே கூடாது. மாரியில் தண்ணீர் மேலே வருகிற இடமென்றால் ஆழத்தைக் குறைத்து, சுற்றி மண் அணைத்து, இருக்கையை மேலே உயர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டைச் சாம்பல் போட்டால் மணமும் ஈயும் குறையும்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு தங்கச்சி: பிரிஜ் இல்லாமல் மீனும் கறியும் எப்படி நானா? விறகும் விலை.

பெரிய மீன் மலிவென்று வாங்குவதை விடுங்கள். அன்றைக்குள்ளது அன்றைக்கு. மிஞ்சினால் கொறுக்காப்புளி (குடம்புளி) போட்டுத் தேங்காய்ப்பால் விடாமல் சுண்ட வையுங்கள், மறுநாள் காலை திரும்பக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாம். பால் விட்ட கறி இரவைத் தாண்டாது. மரக்கறிக்குப் பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பி, மேலே ஈரச்சாக்கு போடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் நன்றாகக் குளிரும், வாடைக்காற்றில் குளிராது. காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும்.

விறகுக்கு, மூன்று கல் அடுப்பை விட்டு இரண்டு சட்டி வைக்கிற அனகி அடுப்பு வாங்குங்கள். ஒரே நெருப்பில் முன்னால் சோறு, பின்னால் கறி. பருப்பும் கடலையும் கொதி வந்ததும் இறக்கி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் மூடி வைத்தால் சூட்டிலேயே அவிந்துவிடும்.

குசினியைப் படுக்கிற கொட்டிலுக்குக் கிழக்கே போடுங்கள். கச்சான் மேற்கிலிருந்து வருகிறது, கூரை காய்ந்து கிடப்பதும் அப்போதுதான். மேற்கே குசினி வைத்தால் பொறி நேரே உங்கள் கூரைக்குத்தான் போகும்.

உன்னிச்சையிலிருந்து: யானை?

நெல்லையும் உப்பையும் படுக்கிற இடத்தில் வைக்காதீர்கள். யானை உங்களைத் தேடி வரவில்லை, நெல்லைத் தேடித்தான் சுவரை இடிக்கிறது. மூட்டை வந்தால் அன்றைக்கே சொந்தக்காரர் கல்வீட்டுக்கு அனுப்புங்கள். வெடி கொளுத்துவதைப் பழகியவர்களிடம் விடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: இதெல்லாம் சொல்லி ஆட்களைக் கொட்டிலிலேயே இருத்தப் பார்க்கிறீர்களா? கல்வீடு கேட்டுப் போராடச் சொல்லுங்கள்.

கேளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் வீடு வரும்வரை பிள்ளை எங்கே படுப்பது? கேட்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. கொட்டில் போட்ட கிழமையே கிராம சேவகரிடம் போய்க் குடும்பத்தைப் பதியுங்கள். தற்காலிகக் கொட்டில்தானே என்று பதியாமல் விடுகிறார்கள். பிறகு வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை, வாக்காளர் இடாப்பில் இல்லை, பள்ளிக்கூட அனுமதிக்கு முகவரி இல்லை. வீட்டுத்திட்டம் வந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வருவார்கள். கடலுக்குக் கிட்ட கட்டுகிறவர்கள் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுக் கப்பு நடுங்கள். 2005இல் சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். இப்போது உங்கள் துண்டு நிலத்துக்கு என்ன சட்டம் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: குப்பி விளக்கை விட நினைக்கிறோம். சின்ன சோலர் எவ்வளவு போதும்?

20 வோட் பனல். எங்கள் வெயிலுக்கு ஒரு நாளில் 80 வோட்-மணி வரை தரும், பற்றரியில் இழப்பது போக 60 கிடைத்தால் சந்தோஷம். 5 வோட் எல்.ஈ.டி. இரண்டு, நாலு மணிநேரம் எரிய 40. மிச்சத்தில் ஒரு போன். காற்றாடி கேட்காதீர்கள். ஈயப் பற்றரி என்றால் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள், ஒரே வருடத்தில் செத்துவிடும்.

அதுவரை குப்பி விளக்கென்றால் உயரமான போத்தலில் திரி போட்டதை விடுங்கள். தட்டிவிட்டால் மண்ணெண்ணெய் கொட்டிப் பிடிக்கும். சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர இப்படி எரிந்து வந்தவர்களைப் பார்த்துத்தான் சுதீப என்ற விளக்கைச் செய்தார். குட்டையாக, கனமாக, திருகு மூடியோடு, உருண்டு போகாமல் இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது அதற்குத்தான். அது கிடைக்காவிட்டால் குட்டையான கனத்த கண்ணாடிப் போத்தலில் திருகு மூடி போட்டுச் செய்யுங்கள், வலைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.