வாரிசு இல்லாவிட்டால் பாட்டு என்ன ஆகும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய அரண்மனை இசையான ககாக்குவை ஆயிரம் ஆண்டுகளாகச் சில குடும்பங்களே காத்துவந்ததாக எழுதியிருந்தீர்கள். வாரிசு இல்லாமல் போனால் அந்தப் பாட்டு என்ன ஆகும்? சுரக்குறிப்பு இருந்தால் வேறு யாராவது வாசித்துவிட முடியாதா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

குறிப்பு உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது. ஹிச்சிரிக்கி என்ற சிறிய ஊதுகருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 18 செ.மீ. நீளம், நாணல் சீவாளி, முன்னால் ஏழு துளை, பின்னால் இரண்டு. அதன் குறிப்பில் நடுவே பெரிதாக 'சி, ரா, ரோ, ரு' என்று வாய்ப்பாட்டு அசைகள் இருக்கும். இடப்பக்கம் பொடியெழுத்தில் விரல்குறி, வலப்பக்கம் தாளப்புள்ளி. சுரத்துக்குக் கீழிருந்து இழைந்து ஏறும் 'எம்பாய்' அதில் எங்கும் இருக்காது. விரலை எடுக்காமல் உதட்டழுத்தத்தை மாற்றியே சுருதியை ஒரு முழுச் சுரம் இறக்கிவிடலாம் என்பதால், எங்கே நிறுத்துவது என்று காதுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அதனால் மாணவர் முதலில் மண்டியிட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டியபடி அந்த அசைகளை ஆசிரியரோடு பாடிப் பாடம் செய்வார். இதுதான் ஷோகா. இதைத் தாண்டிக் கருவிக்கு ஓடுபவருக்கு விரல் சரியாக விழும், சுருதி நிற்காது.

குடும்பங்களுக்குள் வேலை பிரிந்திருந்தது. கியோத்தோவில் 17 மூங்கில் குழாய்கள் கொண்ட ஊதுகருவியான ஷோ, தொயோஹாரா குடும்பத்துக்கு; ஹிச்சிரிக்கி அபேக்களுக்கு; புல்லாங்குழல் யமனோயிக்களுக்கு; ஷிந்தோ சடங்குப் பாட்டான ககுரா ஓனோக்களுக்கு. நாராவிலும், ஒசாகாவின் ஷிதென்னோஜி கோயிலிலும் தனித்தனிக் கூட்டங்கள். மகன் இல்லையென்றால், இருந்தும் தேறாவிட்டால், தத்து எடுத்தார்கள். தொடர்ந்தது குடும்பப் பெயர்தான். இரத்தம் எப்போதும் அல்ல.

ஆகவே வாரிசின்மை பெரிய ஆபத்தாக இருக்கவில்லை. ஒரே ஒருவருக்கு மட்டும் சொல்லித்தரும் மறைபாடல்கள்தான் ஆபத்து. 1100-இல் ஓனோ சுகெதாதா மகனோடு கொல்லப்பட்டார். குடும்பத்துக்குள்ளேயே எல்லாம் இருந்திருந்தால் ககுராவின் மறைபாடல்கள் அன்றோடு போயிருக்கும். அவரிடம் அவற்றைக் கற்றிருந்த பேரரசர் ஹொரிகாவா, எஞ்சிய இளைய மகன் சிக்காகத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். குடும்பம் இழந்த சைசோரோ நடனமோ ஷிதென்னோஜியின் ஹாத்தா வழியிலிருந்து திரும்பி வந்தது. ஓனின் உள்நாட்டுப் போரில் (1467–77) கியோத்தோ எரிந்து கலைஞர்கள் சிதறியபோதும் இதே கதைதான்: பிறகு நாராவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் ஆட்களை அழைத்துத்தான் அரண்மனைக் குழுவை நிரப்பினார்கள். குடும்பம் காத்தது என்பது பாதி உண்மை. வெளியே கசிந்ததும் சேர்ந்துதான் காத்தது.

1870-இல் மெய்ஜி அரசு தோக்கியோவில் ககாக்கு அலுவலகம் திறந்து, குடும்பங்களின் தனியுரிமையை எடுத்துவிட்டது. 1876-இலும் 1888-இலும் பொதுவான குறிப்புத் தொகுதிகள் வந்தன. மூன்று ஊர்ப் பாணிகளும் ஒன்றாக்கப்பட்டன. தொகுதியில் இடம்பெறாதவை மெல்ல வழக்கொழிந்தன. என் கணக்கில் இதுவும் இழப்புதான், எந்தக் கொலையையும் போரையும்விட அமைதியாக நடந்த இழப்பு.

இன்றைய அரண்மனை இசைத் துறையில் தோகி, ஓனோ போன்ற பழைய பெயர்களோடு பிற குடும்பத்தாரும் இருக்கிறார்கள். பயிற்சி ஏழு ஆண்டு. கூடவே ஒரு மேற்கத்திய வாத்தியமும் கற்க வேண்டும், ஏனென்றால் அரசு விருந்துகளில் அவர்களே ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கிறார்கள்.