கிறிஸ் செலியோஸ் 48 வயதிலும் ஐஸ் ஹாக்கி ஆடியது எப்படி?

உடம்பைப் பேணிய விதம்தான் முதல் காரணம். அனல் அடிக்கும் சானா அறைக்குள் உடற்பயிற்சி சைக்கிளைப் போட்டு, வியர்வை கொட்டக் கொட்ட மிதிப்பார்.

சிகாகோவில் பிறந்தவர். 1984-ல் மான்ட்ரியால் அணி மூலம் வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் நுழைந்து, 1986-லேயே அதன் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். அப்புறம் சொந்த ஊர் அணி, பிறகு டெட்ராய்ட்; அங்கே 2002, 2008 என இன்னும் இரண்டு கோப்பைகள். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருது மூன்று முறை.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது அவருடைய கடைசி சீசன். இத்தனை சாதித்தவர், கீழ்நிலை லீக்கில் சிகாகோ உல்வ்ஸ் அணிக்குப் போய், தன் வயதில் பாதிகூட ஆகாத பையன்களோடு ஆடினார். என்ன ஒரு பிடிவாதம்! அங்கிருந்துதான் அட்லாண்டா அணி அவரை மறுபடி என்.எச்.எல்.லுக்குக் கூப்பிட்டது. ஏழே ஆட்டம். என்.எச்.எல்.லில் அவர் ஆடிய ஆட்டங்களின் மொத்தக் கணக்கு 1,651-ல் நின்றது. 2010-ல் ஓய்வு பெற்றார்.