மனைவியோடு இரண்டு நாள் கடலோர ஹோம்ஸ்டே: பாலக்கோட்டிலிருந்து எங்கே, எப்போது போகலாம்?

கேள்வி கேட்டவர் பாலக்கோட்டுக்காரர். கல்யாணமாகி எட்டு வருடம், இரண்டு பிள்ளைகள். கடலோரத்தில் காலைச் சாப்பாட்டோடு அறை தருகிற சின்ன வீடு ஒன்றுக்கு மனைவியை அவருக்கே சொல்லாமல் கூட்டிப்போக ஆசை. எங்கே போவது, எப்போது போவது, ரிசார்ட்டே தேவலையா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த 'சொல்லாமல்' என்பதை விட்டுவிடுங்கள். நான் காவேரிப்பட்டணத்துக்காரி, ஒரு குடும்பத்தை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். சர்ப்ரைஸ் எல்லாம் உங்களுக்குத்தான். அவருக்கு அது கடைசி ஒரு மணி நேரத்தில் தலையில் விழுகிற பத்து வேலை. பிள்ளைகள் எங்கே படுக்கும், ஆட்டி வைத்த மாவு என்ன ஆகும், மாதவிலக்கு எந்தத் தேதியில் வருகிறது, மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது, மாமியாரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது. தேதியை அவரையே குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை விட்டுப்போகும் பேச்சை மட்டும் நீங்களே உங்கள் அம்மாவிடம் பேசி முடியுங்கள். அதை மருமகள் வாயால் கேட்க வைத்தால், போன இடத்திலும் அவருக்கு அந்த நினைப்புதான் ஓடும்.

ஊரில் வாயை விடவும் கூடாது. நான் சொல்லப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே திருக்கடையூர் இருக்கிறது. "அவ்வளவு தூரம் போறீங்க, அபிராமியைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு, வண்டியில ரெண்டு பேருக்கு இடம் இருக்குமே" என்று பெரியம்மாவும் பெரியப்பாவும் பையோடு வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற ஊர் அது. அவர்களுக்கு அது காதல் பயணம், உங்களுக்கு டிரைவர் வேலை.

சரி, இடம். எல்லோரும் புதுச்சேரி என்பார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று நேர் ரோடுதான், கெட்ட ஊரும் இல்லை. ஆனால் சனி ஞாயிறு என்றால் பாதி பெங்களூர் அங்கே இருக்கும். ஊருக்குள் இருக்கும் கடற்கரையில் பெரும்பகுதி கருங்கல் கொட்டிய கரை. எண்பதுகளின் கடைசியில் கட்டிய துறைமுகம், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவரும் மணலை மறித்துவிட்டதில் மணல் போய்விட்டது. சமீபத்தில் கடலுக்குள் தடுப்பு போட்டுக் கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே மாலையில் நடக்கலாம், நல்ல காபி குடிக்கலாம். ஆனால் அது சுற்றிப் பார்க்கிற ஊர். அடுத்து எங்கே, அடுத்து எங்கே என்று போனைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

நான் சொல்வது தரங்கம்பாடி. மயிலாடுதுறை மாவட்டம், நம் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அங்கே பார்ப்பதற்கு அரை நாளுக்கு மேல் ஒன்றும் இல்லை, அதனால்தான் சொல்கிறேன். 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஊருக்குள் நுழையும் வாசல், ஒரே நேர் தெரு, அதில் 1718-ல் கட்டிய புது ஜெருசலேம் தேவாலயம். 1706-ல் வந்து இறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அதற்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். கரையோரத்தில் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மாசிலாமணி நாதர் கோயில், அதில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவ்வளவுதான். 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து டென்மார்க்காரர்கள் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றிருக்கிறார்கள். அந்தக் காசுக்கு இன்றைக்கு நம்ம பைபாஸில் ஒரு மனை வராது என்று என் வீட்டுக்காரர் கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு கணக்குப் போட்டார். அவருக்கு மாங்கன்று நர்சரி. எங்கே போனாலும் மண்ணையும் மனை விலையையும் பார்க்காமல் இருக்க மாட்டார்.

ரிசார்ட்டா, சின்ன வீடா? சின்ன வீடுதான். காரணம் அந்தக் காலைச் சாப்பாடு. ரிசார்ட்டில் பஃபே என்று இருபது பாத்திரம் திறந்து வைத்திருப்பார்கள், தட்டை ஏந்தி வரிசையில் நின்று நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் தங்கிய வீட்டில் மாடியில் இரண்டே அறை, கீழே அவர்கள் குடும்பம். காலையில் பழக்கதோஷத்தில் அடுக்களைப் பக்கம் போய் நின்றேன். அந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ போய் உக்காரு பாப்பா, தம்பி தட்டு எடுத்துட்டு வரும்" என்றார். தம்பி என்றது என் வீட்டுக்காரரை. அவரும் எழுந்து போய் இரண்டு தட்டு, சட்னிக் கிண்ணம் எல்லாம் எடுத்து வந்து வைத்தார், கொஞ்சம் சிந்திக்கொண்டு. ஆவி பறக்கிற இட்லி, முதல் நாள் ராத்திரி வைத்த மீன் குழம்பு. இட்லி சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவது எத்தனை பெண்களுக்கு வாய்க்கிறது என்று உங்கள் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். ரோஜாப்பூ தூவிய கட்டில், மெழுகுவர்த்தி என்று பேக்கேஜ் போடுகிறார்களே, அதற்குக் கொடுக்கும் காசில் இப்படி நாலு காலைச் சாப்பாடு வாங்கலாம்.

சின்ன வீட்டுக்கும் குறை உண்டு. சுவர் மெல்லிசு, கீழே அவர்கள் பார்க்கும் சீரியல் மேலே கேட்கும். "குழந்தைங்களை ஏன் கூட்டிட்டு வரல?" என்று கட்டாயம் கேட்பார்கள். அப்புறம், எல்லா இடத்திலும் ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் பதிவு செய்த வீடு என்றால் உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் விடக் கூடாது. பதிவு இருக்கிறதோ இல்லையோ, போனில் பேசும்போது "நீங்க அங்கேயே இருக்கீங்களா?" என்று கேளுங்கள். சாவியை வாட்ச்மேன் தருவார் என்று பதில் வந்தால் அது லாட்ஜ்தான்.

போனில் இன்னும் சிலது கேட்க வேண்டும். ஜன்னல் கிழக்கே திறக்கிறதா? பகலில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்துதான் வரும், மேற்கு அறை கிடைத்தால் வேர்த்து ஊற்றும். நம் மேட்டு நிலத்து வறண்ட காற்றில் வியர்வை வந்த தடம் தெரியாமல் காய்ந்துவிடும், அங்கே அது உடம்பைவிட்டுப் போகாது. ராத்திரி மொட்டை மாடிக்குப் போக விடுவார்களா? இதுதான் முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன். குளிக்கிற தண்ணீர் உப்பா? கடலோரத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தலைமுடி சடை பிடித்துவிடும். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் நாமும் ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்தவர்கள்தான், அதனால் ரொம்பவும் அலட்டிக்கொள்ள வேண்டாம். தலைக்கு ஊற்ற ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு பேருடைய ஆதாரும் எடுத்துப் போங்கள்.

எப்போது போவது? தை பிறந்ததிலிருந்து பங்குனி பாதி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, புயல் என்று செய்தி வரும். சித்திரை, வைகாசியில் வெயில். போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன் குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். உங்கள் பக்கம் அது மாங்காய் நேரமும்கூட.

தையிலிருந்து பங்குனி பாதிக்குள் எந்த நாள் என்பதை நிலாவைப் பார்த்துக் குறியுங்கள். நம் கரை கிழக்குப் பார்த்தது. சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க முடியாது, நிலா கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். ஆனால் நேராகப் பௌர்ணமி அன்று போய்விடாதீர்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திருவண்ணாமலையில் கிரிவலம், நம் வண்டி அந்த ஊரைத் தாண்டாது. தைப் பௌர்ணமியை ஒட்டித் தைப்பூசம், வடலூர் ஜோதிக்கு வந்த கூட்டத்தில் பண்ருட்டி ரோடு நிற்கும். மாசிப் பௌர்ணமியை ஒட்டி மாசி மகம், சாமிகள் எல்லாம் கடலுக்கு வந்துவிடும், கூடவே சுற்றுவட்டாரமும். நம் முன்னோர் ஒரு பௌர்ணமியைக்கூட கணவன் மனைவிக்கென்று ஒழித்து வைக்கவில்லை.

அதனால் பௌர்ணமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். அரூர், திருவண்ணாமலை, விழுப்புரம், பண்ருட்டி, வடலூர், சிதம்பரம், சீர்காழி. கிரிவலம் போனவர்கள் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள். பயமாக இருந்தால் சேலம், ஆத்தூர், விருத்தாசலம் வழி இருக்கிறது, தொப்பூர் இறக்கத்தில் மட்டும் லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போங்கள். திருவண்ணாமலை வழியில் போனால் விழுப்புரம் தாண்டி ஒரு மணல் ஆறு வரும். அது கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கும் நம் கே.ஆர்.பி. அணையைத் தாண்டி வந்த தென்பெண்ணை. நாம் அணையில் பார்த்த தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி அகலமாக, பெரும்பாலும் வறண்டு கிடக்கும். பிறகு கொள்ளிடம், அது ஒகேனக்கல்லில் விழுந்து வந்த காவிரியின் கிளை.

இதில் ஒரு லாபமும் உண்டு. பௌர்ணமி அன்று சூரியன் மறைகிற நேரத்திலேயே நிலா வந்துவிடும், வானம் வெளுப்பாக இருப்பதால் எடுப்பாகத் தெரியாது. அடுத்தடுத்த நாள்களில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தள்ளித் தள்ளி வரும். அப்போது நன்றாக இருட்டியிருக்கும். மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது கடல்மேல் ஏதோ படகு பற்றி எரிகிறது என்றுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். அவ்வளவு சிவப்பு. கொஞ்ச நேரத்தில் மேலே வந்து பிரிந்ததும்தான் நிலா என்று புரிந்தது. பிறகு மஞ்சளாகி, வெள்ளையாகி, தண்ணீரில் ஒரு பாதை போட்டது. நர்சரியில் பகலெல்லாம் கத்திக்கொண்டே இருக்கும் மனிதர், கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு வேறு ஒரு இடத்தில் பெண் பார்த்த கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. வீட்டில் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

கடலில் இறங்குவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கிணற்றிலும் அணையிலும் நீச்சல் பழகியவர்களுக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம், ஏனென்றால் தைரியம் இருக்கும். கரைக்கு வந்த தண்ணீர் சில இடங்களில் ஒரே ஓட்டமாகக் கடலுக்குத் திரும்பும். பார்க்க அந்த இடம் அலை குறைந்து அமைதியாகத் தெரியும், அங்கேதான் போய் இறங்குவார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, களைத்துவிடுவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறும். கோட்டைப் பக்கம் பாறைகளும் கிடக்கின்றன. வலை உதறிக்கொண்டிருக்கும் அண்ணன்களிடம் எங்கே கால் நனைக்கலாம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள், முழங்கால் அளவு போதும். உங்கள் மனைவியைச் சுடிதார் எடுத்துவரச் சொல்லுங்கள். நனைந்த புடவை அலையில் காலைச் சுற்றிக்கொண்டு ஆளையே இழுத்துவிடும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம். நாமெல்லாம் டேமில் பொரிக்கிற ஜிலேபியும் கட்லாவும் சாப்பிட்டவர்கள், ஓட்டலில் மீன் என்றால் வஞ்சிரம் என்றுதான் கேட்கத் தெரியும். அதை விடுங்கள். தங்குகிற வீட்டு அக்காவிடம் முதல் நாளே காசு கொடுத்து, "காலையில கரைக்கு எது வருதோ அதை வாங்கி வைங்க" என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு சங்கராவும் நெத்திலியும் கிடைத்தது. நெத்திலி ஆய்கிற வேலையை அந்த வீட்டு அண்ணனும் என் வீட்டுக்காரரும் திண்ணையில் உட்கார்ந்து செய்தார்கள். இவர் கிள்ளிய தலையோடு பாதி மீனும் போனது.

வார நாள்களில் போனால் வாடகை இறங்கும், தெருவும் உங்களுக்கே. பூம்புகார், காரைக்கால், வேளாங்கண்ணி எல்லாம் பக்கம்தான். ஆனால் எதற்கும் போகாதீர்கள். போனால் காலை ஆறு மணிக்கு எழுந்து குளித்துத் தயாராக வேண்டும், அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

இரண்டு நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்தால் மூன்று இரவாக்குங்கள். முதல் நாள் பயண அலுப்பில் போய்விடும். இரண்டாம் நாள் முழுக்க, சின்னவள் சாப்பிட்டாளா, பெரியவன் ஹோம்வொர்க் செய்தானா என்று போன் போட்டுக்கொண்டே இருப்பார், தடுக்காதீர்கள். மூன்றாம் நாள் போனை மேசையில் வைத்துவிட்டு அவராகவே "ஒரு நடை போய்ட்டு வரலாமா?" என்று கேட்பார். அந்த மூன்றாவது ராத்திரிக்கு உங்கள் அம்மாவைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பாடு.