டீச்சர் பதில்கள்: தேதியை நம்பிச் சீருடை தைத்தவர்கள்

2020 நவம்பர் கடைசி வாரம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொரோனாவால் மூடிய பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்றுதான் கேட்கின்றன. அந்தத் தேதி இன்று யார் கையிலும் இல்லை. தேதி கேட்ட எல்லோருக்கும் சேர்த்து முதல் கடிதத்திலேயே பதில் எழுதிவிட்டேன். மற்றவற்றில் அவசரமானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

டீச்சர், வணக்கம். என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். ஆகஸ்டில் சேர்த்ததோடு சரி, இன்னும் வகுப்பறையைப் பார்க்கவில்லை. அக்டோபர் 1 என்றார்கள், ரத்து. நவம்பர் 16 என்றார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க வைத்திருந்த காசில் சீருடை தைத்துவிட்டேன். 9-ம் தேதி கூட்டத்துக்குக் கூலியை விட்டுவிட்டுப் போய் 'திறக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றே நாளில் மறுபடி ரத்து. "இனிமே பள்ளிக்கூடம்னு பேச்செடுக்காதம்மா" என்கிறாள் மகள். நான் யாரிடம் போய்க் கோபப்படுவது? – ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

சகோதரி, உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தேன். மார்ச் நடுவில் பள்ளிகளை மூடினார்கள். செப்டம்பர் 24-ல் ஓர் அரசாணை: பத்தாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ளவர்கள், விருப்பப்பட்டால், பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதத்துடன் அக்டோபர் 1 முதல் வந்து சந்தேகம் கேட்டுப் போகலாம். 29-ம் தேதி அது நிறுத்திவைக்கப்பட்டது. அக்டோபர் 31-ல் அடுத்த அறிவிப்பு: நவம்பர் 16 முதல் ஒன்பது முதல் பிளஸ் டூ வரையிலான வகுப்புகள், கல்லூரிகள், விடுதிகள் எல்லாம் திறக்கும். நவம்பர் 9-ல் பெற்றோர் கருத்துக் கேட்பு. 12-ம் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இருவேறு கருத்துகள் வந்திருப்பதாகச் சொல்லிப் பள்ளித் திறப்பு ரத்து. புதிய தேதி பிறகு அறிவிக்கப்படுமாம்.

மூடியதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஜூலை கடைசியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஆறாயிரத்துக்கு மேல் புதிய தொற்று பதிவானது. ஒரு பெஞ்சில் நான்கைந்து பேர் நெருக்கி உட்காரும் வகுப்பறைகளை அப்போது திறந்திருக்கவே முடியாது. இப்போது அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குக் கீழே வந்திருக்கிறது, ஆனாலும் பயம் போகவில்லை. ஆந்திராவில் நவம்பர் 2-ல் பெரிய வகுப்புகளைத் திறந்தார்கள். ஹரியானாவில் திறந்த பிறகு மாணவர்களுக்குத் தொற்று வந்ததால் இந்த மாதம் 20-ம் தேதி மறுபடி மூடிவிட்டார்கள். திறப்பதா வேண்டாமா என்பதில் அக்கறையுள்ள இரண்டு பேர் எதிரெதிராக நிற்கலாம். நான் இரண்டு பக்கத்தையும் மதிக்கிறேன்.

தேதியைச் சொல்லிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கூலி வீட்டில் தேதி என்றாலே செலவு. எட்டாம் வகுப்போடு இலவசச் சீருடை நின்றுவிடுகிறது, அதற்கு மேல் துணியும் தையல் கூலியும் உங்கள் கைக்காசு. விடுதிப் பிள்ளை என்றால் பெட்டி, தட்டு, போர்வை எல்லாம் வாங்கிக் கட்ட வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து பிள்ளையை விடுதியில் கொண்டுபோய் விடும் அப்பாவுக்குப் போக வர ஒரு நாள் வேலை போய்விடும். அறிவிப்பை எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனால் அறிவிப்பில் அதற்கு இடமே இல்லை.

அரசு செய்திருக்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தொற்று எந்த அளவுக்கு இறங்கினால் திறப்போம், எந்த அளவைத் தாண்டினால் மூடுவோம் என்று மாவட்ட வாரியாக முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அரியலூரின் நிலைமையும் சென்னையின் நிலைமையும் ஒன்றா? எதுவானாலும் இரண்டு வாரம் முன்னால் தெரிவிப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கலாம். அப்படி ஒரு விதி இருந்தால் தினசரிப் பேப்பரைப் பார்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள். மழைக்கு விடுமுறை விடும் கலெக்டர் காலையில் சொன்னால் போதும், ஏனென்றால் அது ஒரு நாள் விஷயம். எட்டு மாதமாக வீட்டில் இருக்கும் பிள்ளையின் விஷயத்தை அப்படி நடத்தக் கூடாது.

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டது நல்ல காரியம். ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த தாளுக்கு என்ன ஆனது? உங்கள் பள்ளியில் எத்தனை பேர் வேண்டும் என்றார்கள், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள், என்ன காரணம் எழுதினார்கள் என்று பள்ளியின் தகவல் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் போய் அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வகுப்புதான் இல்லை, அலுவலகம் திறந்துதான் இருக்கிறது, ஆசிரியர்கள் வந்துபோகிறார்கள்.

போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். முகக்கவசத்தோடு வாசலில் நின்றபடியே வகுப்பாசிரியரைப் பார்க்கட்டும், எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது என்று கேட்கட்டும். இந்தப் பள்ளியில் தன் பெயர் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்பது அவளுக்கு இப்போது அவ்வளவு முக்கியம். தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால், திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து காலையில் இரண்டு மணி நேரம் சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தை எந்த அறிவிப்புக்காகவும் மாற்ற வேண்டாம். சீருடை சின்னதாகிவிடுமோ என்று கவலைப்படாதீர்கள். தையல்காரர் உள்ளே மடிப்பு விட்டிருப்பார், பிரித்துக்கொள்ளலாம்.

நான் கூட்டத்தில் 'வேண்டாம்' என்று எழுதினேன். வீட்டில் என் அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. "உங்களைப் போன்றவர்களால்தான் திறக்கவில்லை" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். நான் செய்தது தப்பா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

தப்பே இல்லை, தம்பி. உங்களிடம் கருத்துக் கேட்டார்கள், வீட்டு நிலைமையைப் பார்த்துச் சொன்னீர்கள். முடிவெடுத்தது நீங்கள் அல்ல. எதிர்வீட்டுக்காரரும் தன் பிள்ளையை நினைத்துத்தான் பேசுகிறார், அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். திறந்தாலும் விருப்பமுள்ளவர்கள் வரலாம், மற்றவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று வைத்திருந்தால் இந்த மனக்கசப்பு வந்தே இருக்காது. அடுத்த முறை கருத்துக் கேட்டால் இதை ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஏப்ரல், மே மாதங்களில் வேலை இல்லை, கடன் ஏறிவிட்டது. கம்பெனி திறந்ததும், "பையன் சும்மாதானே இருக்கான்" என்று மச்சினன் அவனைச் செக்கிங் வேலைக்குக் கூட்டிப் போனான். ஒன்பதாவது படிக்கிறான், 14 வயது முடிந்துவிட்டது. சனிக்கிழமை சம்பளத்தை அப்படியே அவன் அம்மா கையில் கொடுக்கிறான், வாடகை அதில்தான் போகிறது. பள்ளி திறந்தாலும் போகமாட்டானாம். வாத்தியார் போன் செய்தால் எடுப்பதில்லை. வயிறு எரிகிறது டீச்சர். – ஒரு தந்தை, திருப்பூர்

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதையும் தொட முடியவில்லை. பள்ளித் திறப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் நான் பயப்படுவது உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளை நினைத்துத்தான்.

முதலில் அவனைத் திட்டாதீர்கள். வீடு முடங்கிக் கிடந்தபோது தோள் கொடுத்திருக்கிறான். நம்மால் வீட்டுக்கு உபயோகம் உண்டு என்று அவன் தெரிந்துகொண்டிருக்கிறான். வகுப்பறையில் அது அவனுக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். "நீ பண்ணினது பெரிய உதவிடா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு எடுபடும்.

அடுத்தது சட்டம். 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. 14 முடிந்தாலும், 15 முடியும்வரை தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இரவு வேலை அறவே கூடாது. ஷிப்டும் ஓவர்டைமும் பார்க்கிறான் என்றால் அது சட்டத்துக்குப் புறம்பானது. மச்சினனிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பள்ளியில் அவன் பெயர் இருக்கிறதா என்று பயப்படாதீர்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்று மார்ச்சிலேயே அறிவித்தார்கள், அப்படித்தான் அவன் எட்டிலிருந்து ஒன்பதுக்கு வந்தான். வாத்தியார் போன் செய்கிறார் என்றால் அவனை இன்னும் கைவிடவில்லை என்று அர்த்தம். அந்தப் போனை நீங்கள் எடுங்கள். முடிந்தால் நேரில் போங்கள், பாடப்புத்தகம் வாங்கவில்லை என்றால் வாங்கி வாருங்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் கோடை விடுமுறைக்கு வேலைக்குப் போன பையன்கள் ஜூனில் வராமல் போவார்கள். நாங்கள் வீடு தேடிப் போவோம். ஆசிரியர் மட்டும் போய்க் கூப்பிட்டால் தலையை ஆட்டிவிட்டு வராமல் இருந்துவிடுவான். அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்த பையன்கள்தான் பெரும்பாலும் நிலைத்தார்கள்.

திறக்கும் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அந்தத் தேதி வருவதற்குள் அவன் கைக்கு இந்த வேலை பழகிவிடும். வேலையை நிறுத்தும் தேதியை நீங்களே வையுங்கள். பொங்கலோடு முடிகிறது என்று நீங்களும், அவன் அம்மாவும், அவனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை ஓவர்டைம் உடனே நிற்கட்டும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புத்தகம். அவன் சம்பளம் நின்றால் வாடகைக்கு என்ன செய்வது என்பதையும் அதே பேச்சில் வையுங்கள். கடன் கொடுத்தவரிடம் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் வேலை உங்களுடையது, அது 14 வயதுப் பையன் தலையில் ஏறக் கூடாது.

இன்னொன்று, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் இடைநிற்றலைத் தடுக்க ஊக்கத்தொகை தருகிறார்கள். பத்தாம் வகுப்புக்கு 1,500, பிளஸ் ஒன்னுக்கு 1,500, பிளஸ் டூவுக்கு 2,000 ரூபாய், மொத்தம் 5,000. பிளஸ் டூ முடித்ததும் வட்டியோடு கைக்கு வரும். பிளஸ் ஒன்னில் சைக்கிளும் கிடைக்கும். வாரச் சம்பளத்துக்கு இது ஈடாகாதுதான். ஆனாலும் பள்ளியில் தனக்கென்று ஒன்று சேர்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும்.

போன வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்து, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று போட்டார்கள். இந்த வருடம் என் மகனுக்குக் காலாண்டும் இல்லை, அரையாண்டும் இல்லை, வருகையும் இல்லை. தேர்வு நடக்குமா என்றே தெரியாமல் எப்படிப் படிக்கச் சொல்வது? – ஒரு தாய், மதுரை

சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். அப்படிப் போட எதுவும் இல்லாததாலேயே, தேர்வு நடக்கும் என்று வைத்துக்கொண்டு படிப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. பாடத்தைக் குறைக்கப் போவதாகப் பேச்சு இருக்கிறது. எதைக் குறைப்பார்கள் என்று ஊகித்துப் பக்கங்களைத் தள்ள வேண்டாம்.

நான் கணக்கு டீச்சர், அதனால் கணக்கைச் சொல்கிறேன். வினாத்தாளின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். இரண்டையும் பெரிய உதவி இல்லாமல் வீட்டிலேயே பழகலாம். ஒத்த முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு வரைதல், இருபடிச் சமன்பாட்டின் வரைபடம், இவற்றைத் தினம் ஒன்று என்று போடட்டும். உதவிப்படம் போடாமல் நேராக வரையத் தொடங்கும் பழக்கம் பையன்களுக்கு உண்டு, அதை மட்டும் கவனியுங்கள். அப்புறம் கல்வித் தொலைக்காட்சி. பார்ப்பதோடு விட்டுவிட்டால் தங்காது. பாடம் முடிந்த கையோடு அதே பயிற்சியில் மூன்று கணக்கை நோட்டில் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

மகள் இரண்டாம் வகுப்பு, தனியார் பள்ளி. காலை 9 முதல் 1 வரை போன் முன்னால் உட்காரவைக்கிறார்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாள். முழுக் கட்டணத்தையும் கட்டு, இல்லையென்றால் டிசியை வாங்கிக்கொள் என்று செய்தி அனுப்புகிறார்கள். அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று பார்த்தால், பாக்கி கட்டாமல் டிசி தரமாட்டார்களாம். – ஒரு வாசகி, கோவை

இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு நான்கு மணி நேரம் என்பது கொடுமை. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல், முக்கால் மணி நேரம் ஆனதும் போனை அணைத்துவிடுங்கள்.

கட்டணம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் ஜூலை 17-ல் உத்தரவிட்டிருக்கிறது. கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை முதலிலும், 35 சதவீதத்தைப் பள்ளி திறந்து இரண்டு மாதத்துக்குள்ளும் வாங்கலாம். பள்ளி இன்னும் திறக்கவில்லை, அதனால் முழுக் கட்டணம் கேட்பது அந்த உத்தரவுக்கு மாறானது. அவர்கள் அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்குப் புகார் எழுதுங்கள், நகலைப் பள்ளிக்கும் கொடுங்கள்.

டிசி இல்லாமலே அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, எட்டாம் வகுப்பு வரை டிசி வரத் தாமதமாகிறது என்பதைக் காரணமாகச் சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், குழந்தையின் புகைப்படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையிலேயே பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். தயங்கினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். புத்தகத்தை அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.